சினிமாவில் புவியீர்ப்பு பதினேழு

பிப்ரவரி 3, திங்கள்

இன்று முதல் இரண்டு வாரத்துக்கு நான் ஒரு சினிமாவின் அறிவியல் ஆலோசகர். விடுப்புக் கடிதத்தைப் படித்த கல்லூரி முதல்வர், "சிவசைலம், ஹீரோகூட போட்டோ எடுத்தா நம்ம காலேஜ் போர்டும் பின்னால தெரியிற மாதிரி எடுங்க" என்றார். நாற்பது கிலோமீட்டர் தள்ளி நடக்கும் படப்பிடிப்பில் பாளையங்கோட்டைக் கல்லூரியின் பலகை எப்படித் தெரியும் என்று கேட்டேன். உடனே ஒரு ஃப்ளெக்ஸ் அடித்துக் கொடுத்துவிட்டார். அதைச் சுருட்டிப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

நான் இயற்பியல் உதவிப் பேராசிரியர். அது பகலில். மாலையில் எனக்கொரு யூடியூப் சேனல் உண்டு. சண்டைப் படங்களை ஃப்ரேம் ஃப்ரேமாக நிறுத்தி, அளந்து, எங்கே காதில் பூச்சுற்றுகிறார்கள் என்று காட்டுவேன். நாற்பத்தோராயிரம் பேர் பார்க்கிறார்கள். பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு கண்டுபிடிப்பு. மேலிருந்து விழும் எந்தப் பொருளுக்கும் விநாடிக்கு விநாடி 9.8 மீட்டர் வேகம் கூடும், அதுதான் புவியீர்ப்பு. நான் அளந்த பதினோரு படங்களின் சண்டைக் காட்சிகளில் அது 17. ஒன்றிரண்டு புள்ளி முன்னே பின்னே இருக்கும், ஆனால் பதினொன்றிலும் பதினேழு. "சினிமாக்காரர்கள் வேறு கிரகத்தில் குடியிருக்கிறார்கள்" என்று அந்த வீடியோவை முடித்தேன். யாரோ '17' என்று போட்டு டீ-ஷர்ட்கூட அடித்து விற்றார்கள்.

அப்படிக் கிழிபட்ட இயக்குநர்களில் ஒருவர் மகிழ்வண்ணன். அவரே போன் செய்தார். "சார், எடுத்து முடிச்சப்புறம் திட்டாம, எடுக்கும்போதே வந்து திட்டுங்க" என்றார். மனிதர் பிழைக்கத் தெரிந்தவர்.

என் மனைவி உலகம்மாள் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டே, "ரெண்டு வாரமா? அப்ப நான் நிம்மதியாத் தியேட்டர்ல ஒரு படம் பாத்துக்கிடுதேன்" என்றாள். பதினோரு வருடத்துக்கு முன் இருவரும் சேர்ந்து கடைசியாகப் பார்த்த படத்தில், வில்லன் மாடியிலிருந்து விழுந்தபோது நான் எழுந்து நின்று விநாடியை எண்ணினேனாம். உட்கார்ந்துதான் எண்ணினேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வாய்க்கால். குறுக்கே பழைய பாலம், நடுவில் எட்டு மீட்டர் இல்லை. என்றோ வந்த வெள்ளத்தில் போனதாம். கீழே பாறை.

எனக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். முதுகில் 'சிவசைலம் சார்' என்று எழுதியிருக்கிறது, 'சார்' உட்பட. போட்டோ எடுத்தேன். அது உலகம்மாளுக்கு அனுப்பத்தான், வேறு எதற்கும் இல்லை.

முதல் நாளே நாலு திருத்தம். பெட்ரோல் டேங்கில் தோட்டா பட்டால் லாரி வெடிக்காது, ஒழுகும். "ஒழுகுற லாரிக்கு முன்னால ஹீரோ எப்படி சார் ஸ்லோ மோஷன்ல நடந்து வருவாரு?" என்று மகிழ்வண்ணன் கேட்டார். அது என் துறை இல்லை என்றேன்.

பிப்ரவரி 5, புதன்

கதாநாயகன் உதைத்தால் அடியாள் பத்து மீட்டர் பின்னால் பறக்கிறான். அடியாளுக்குத் தொண்ணூறு கிலோ, கதாநாயகனுக்கு எழுபது. அவன் அந்த வேகத்தில் போனால் உதைத்தவர் அதைவிட வேகமாக எதிர்ப்பக்கம் போக வேண்டும் என்று விளக்கினேன்.

கதாநாயகன் குளிர்கண்ணாடியைக் கழற்றினார். "சார், நான் பின்னால போனா என் ரசிகருங்க எங்க போவாங்க?"

பேசிப் பேசி நான்கு அங்குலத்துக்கு இறங்கி வந்தார். ஊன்றிய கால் நான்கு அங்குலம் புழுதி கிளப்பிச் சறுக்கும். ஒரு தடவை செய்து பார்த்தார், மானிட்டரில் பார்த்தார், "ஸ்டைலா இருக்கே" என்று ஏழு தடவை செய்தார். தமிழ்த் திரையில் உந்த அழிவின்மை விதி இன்று நான்கு அங்குலம் முன்னேறியிருக்கிறது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 6, வியாழன்

முக்கியமான நாள். கதையின் உச்சக்கட்டத்தில் நாயகி ஆட்டோ ஓட்டிக்கொண்டு வந்து பாலத்தைத் தாண்டுகிறாள். திரைக்கதையில் அது இருபத்திரண்டு மீட்டர், நடுவானில் இரண்டு சுற்று, எல்லாம் கம்ப்யூட்டரில். நடுவானில் ஆட்டோவை யார் திருப்பிவிடுவார்கள் என்று கேட்டேன்.

பிறகு நானே ஒரு யோசனை சொன்னேன். இருப்பதோ எட்டு மீட்டர். பதினைந்து டிகிரிச் சாய்வுப் பலகை வைத்து, மணிக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் வந்தால் ஆட்டோ நிஜமாகவே தாண்டும். கம்பி வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். மகிழ்வண்ணன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். இப்படி யாரும் என் கையைப் பிடித்து வெகுநாளாயிற்று.

ஓட்டப்போவது நாயகி இல்லை, ஜெனோவா. காசிமேட்டுப் பெண், வயது முப்பத்து மூன்று. பதினைந்து வருடமாக நாயகிகளுக்கு டூப் போடுகிறார். ஒரு படத்திலும் முகம் தெரிந்ததில்லை. சண்டைப் பயிற்சியாளர் தணிகாசலம் மாஸ்டர் என் யோசனையைச் சொன்னபோது, ஜெனோவா கேட்டது ஒரே கேள்வி.

"நம்பரு யாரு போடறது?"

"நான்தான்" என்றேன்.

"அப்போ நீங்க அந்தாண்ட நிப்பீங்க."

புரியவில்லை. மாஸ்டர் விளக்கினார். "எங்க குரூப்ல அப்டித்தான் சார். கயிறு கட்டுனவன் அந்தக் கயித்தாண்டதான் நிக்கணும். தாண்டுற தூரத்த குறிச்சவன் எறங்குற எடத்துல நிக்கணும். எங்கப்பா பைட்டரா இருந்த காலத்துலேர்ந்து வழக்கம்."

தாராளமாக நிற்கிறேன் என்றேன். எனக்கென்ன பயம், ஆட்டோ எங்கே இறங்கும் என்று எனக்குத்தானே தெரியும். சாப்பாடு மட்டும் கொஞ்சம் இறங்கவில்லை. சாம்பாரில் காரம் அதிகம்.

பிப்ரவரி 7, வெள்ளி

இன்று வேகம் அளந்தோம். ஆட்டோவில் வேகமானி செத்து வருடங்கள் ஆகிவிட்டன. அதே சாலையில், வாய்க்காலை விட்டுத் தள்ளி நேராக இருக்கும் பகுதியில் ஐந்து மீட்டர் இடைவெளியில் இரண்டு கம்பங்கள் நட்டேன். நாற்பது மீட்டர் பின்னாலிருந்து ஜெனோவா முழு வேகத்தில் கிளம்பிக் கம்பங்களைக் கடக்க வேண்டும். ஏன் நாற்பது மீட்டர் என்றால், பாலத்தருகே அதற்குப் பின்னால் டீக்கடை செட் போட்டிருக்கிறார்கள். இன்னும் பின்னாலிருந்து வர வேண்டுமென்றால் செட்டைப் பிரிக்க வேண்டும்.

மாஸ்டர் கையில் ஸ்டாப் வாட்ச் வைத்திருந்தார். கட்டைவிரல் கணக்கெல்லாம் சரிப்படாது என்று அதை வாங்கி வைத்துவிட்டேன். கேமராவில் எடுக்கச் சொல்லி, மானிட்டரில் ஃப்ரேம் ஃப்ரேமாக எண்ணினேன். இதில் எனக்கு ஒன்பது வருட அனுபவம். ஒரு விநாடிக்கு இருபத்து நாலு ஃப்ரேம். இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஆட்டோ எடுத்துக்கொண்டது ஒன்பது ஃப்ரேம். மணிக்கு நாற்பத்தெட்டு கிலோமீட்டர்! பாலத்தைத் தாண்டி ஒரு மீட்டர் உள்ளே போய் இறங்கும். டீக்கடை பிழைத்தது.

எண்ணிக்கொண்டிருக்கும்போது ஃபோகஸ் பார்க்கிற ஹாரூன் பாய் பக்கத்தில் வந்து, "சார், இது பதினெட்டுல..." என்று ஏதோ ஆரம்பித்தார். நான் ஏழு, எட்டு என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன், காதுக்குள் வந்து பதினெட்டு என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? "பாய், எண்ணிக்கை தவறிடும், அப்புறம் பேசலாம்" என்றேன். அப்புறம் அவரும் பேசவில்லை.

பிப்ரவரி 8, சனி

மாஸ்டர் வழக்கமாக வாய்க்காலுக்குள் பாறை மேல் வெறும் அட்டைப்பெட்டிகளை ஆளுயரத்துக்கு அடுக்குவாராம். தவறி விழுந்தால் தாங்கிக்கொள்ளும். பெட்டிகள் கேமராவில் தெரிகின்றன என்று மகிழ்வண்ணன் முகம் சுளித்தார். என்னைக் கேட்டார்கள். ஒரு மீட்டர் மிச்சம் இருக்கிறது, தேவையில்லை என்றேன்.

"சார் நம்பரு குடுத்துட்டாரு, எடுத்துருங்கடா" என்றார் மாஸ்டர். முந்நூறு பெட்டிகளைத் தட்டையாக மடித்து லாரியில் ஏற்றினார்கள். தாண்டுவது புதன்கிழமை. செவ்வாய் வேண்டாம் என்று தயாரிப்பாளர் சொல்லிவிட்டார். மூடநம்பிக்கை.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஒத்திகைக் காட்சியை என் போனில் வாங்கி வைத்திருக்கிறேன். காலையிலிருந்து முப்பது தடவை பார்த்திருப்பேன். சரியான கணக்கைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

முப்பத்தோராவது தடவை பார்த்தபோது, பின்னணியில் ஜெனரேட்டர் வண்டியின் படியில் ஒரு லைட்மேன் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. கையிலிருந்து வடை விழுகிறது. விழுகிற எதைப் பார்த்தாலும் எண்ணுவது எனக்கு வியாதி. பத்து ஃப்ரேம். உயரம் வேண்டுமே என்று டேப்பை எடுத்துக்கொண்டு அவரைத் தேடிப் போனேன்.

"வெள்ளிக்கிழமை எந்தப் படியில உட்கார்ந்து வடை சாப்பிட்டீங்க?"

"சார், நான் ஒரு வடைதான் சார் எடுத்தேன். வேணும்னா மெஸ்ல கேளுங்க."

படியைக் காட்டினார், கையை அதே மாதிரி வைத்தும் காட்டினார். தரையிலிருந்து ஒன்றரை மீட்டர். மரத்தடியில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

பதினேழு புள்ளி மூன்று.

மறுபடி போட்டேன். மாறவில்லை. சண்டை இல்லை, கதாநாயகன் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. நான் கண்ணால் பார்த்த மனிதர் கையிலிருந்து விழுந்த வடை, அம்பாசமுத்திரத்தில், பதினேழில் விழுந்திருக்கிறது.

ஹாரூன் பாயிடம் போனேன். "அதான் சார் அன்னிக்கே சொல்ல வந்தேன்" என்றார். "பைட்டு, சேஸு எல்லாம் பதினெட்டு ஃப்ரேம்லதான் எடுப்போம். ஓட்டும்போது இருபத்திநாலுல ஓடும். எல்லாம் விறுவிறுன்னு தெரியும்ல. காலங்காலமா அப்படித்தான்."

அதாவது, திரையில் ஒரு விநாடியில் நடப்பது நிஜத்தில் ஒன்றேகால் விநாடிக்கும் மேல். ஆட்டோ நாற்பத்தெட்டில் வரவில்லை. முப்பத்தாறில் வந்தது. எட்டு மீட்டர் தாண்ட வேண்டிய ஆட்டோ ஐந்து மீட்டரிலேயே விழும். எதிர்ப்பக்கச் சுவருக்கு மூன்று மீட்டர் முன்னால். கீழே பாறை, பெட்டிகளும் இல்லை.

உடனே சொல்லத்தான் போனேன். மகிழ்வண்ணன் தயாரிப்பாளருடன் இருந்தார். "அண்ணாச்சி, இவர்தான். செட்டைப் பிரிக்காம அரை நாளைக் காப்பாத்திக் குடுத்தது. டைட்டில்ல சாருக்குத் தனி கார்டு போடறோம்." தயாரிப்பாளர் சுடலைமுத்து அண்ணாச்சி கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

புதன்கிழமைக்குத்தான் இன்னும் இரண்டு நாள் முழுசாக இருக்கிறதே. நாளைக்குச் சொல்லலாம்.

பிப்ரவரி 10, திங்கள்

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் ஆய்வகப் பதிவேட்டில் தப்பாக வந்த அளவையும் எழுத வேண்டும் என்று மாணவர்களை விரட்டுகிறவன் நான்.

காலையில் மகிழ்வண்ணனிடம், ஆட்டோ இன்னும் நாற்பது மீட்டர் பின்னாலிருந்து வந்தால் பார்க்க அழகாக இருக்குமே என்றேன். "சார், அழகை நான் பாத்துக்கிறேன், நீங்க சயின்ஸை மட்டும் பாருங்க" என்றார்.

அதன்பின் அண்ணாச்சியைத் தனியாகப் பிடித்தேன். நானே, என் வாயால், இருபத்து மூன்று வருடம் இயற்பியல் நடத்திய வாயால் சொன்னேன்: "அண்ணாச்சி, வண்டி கிளம்புற இடம் அக்னி மூலையில இருக்கு. நாற்பது மீட்டர் பின்னால தள்ளினா நல்லது."

அண்ணாச்சி முகம் மாறிவிட்டது. "நீங்களே சொல்லுதீங்கன்னா விஷயம் பெருசுல்லா!" என்று ராஜபாளையத்து வாஸ்துக்காரருக்குப் போன் போட்டார். படம் அனுப்பினார். அவர் அரைமணி நேரம் ஆராய்ந்து, நாற்பது மீட்டர் தேவையில்லை, பதினோரு அடி போதும், ஹேண்டில்பாரில் மஞ்சள் துணி கட்டிவிடுங்கள் என்றார். கோட்டைப் பதினோரு அடி தள்ளிப் போட்டார்கள். மாஸ்டர் துணியைக் கட்டினார். மகிழ்வண்ணன், "சார், நீங்களுமா?" என்று மட்டும் கேட்டார்.

கணக்குப் போட்டேன். பதினோரு அடியால் தாண்டும் தூரம் நாற்பது சென்டிமீட்டர் கூடும். மீதி இரண்டரை மீட்டரை மஞ்சள் துணிதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

மத்தியானம் உலகம்மாள் பேசினாள்.

"ஒரு பேச்சுக்கு வச்சுக்கோ" என்றேன். "ஒரு ஆள் ஒரு கணக்குல சின்னதா ஒரு தப்பு பண்ணிட்டான்..."

"என்ன தப்பு பண்ணிட்டீய?"

"நான்னு யாரு சொன்னா?"

"அடுத்தவன் தப்புன்னா நீங்க இம்புட்டு மெதுவாவா பேசுவீய? வீடே அதிருமே."

சொன்னேன். வடை, பதினெட்டு ஃப்ரேம், மூன்று மீட்டர், எல்லாம். வாஸ்துவை மட்டும் சொல்லவில்லை.

"அந்தப் புள்ளைக்குத் தெரியுமா?"

"இல்லை."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஞாயித்துக்கிழமை."

பிறகு, "ரெண்டு நாளா அந்தப் புள்ள அந்த வண்டியத் தொடச்சு வச்சுக்கிட்டு இருக்கும்லா" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

வெளியே போய்ப் பார்த்தேன். ஜெனோவா ஆட்டோவுக்கு அடியில் மல்லாந்து படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "இன்னா சார், நாளைக்கு அந்தாண்ட நிக்கப் பயமாகீதா?" என்று சிரித்தார். இல்லை என்றேன். சொல்லிவிட வாயைத் திறந்தேன். "ஸ்பானர் எடுங்க சார்" என்றார். எடுத்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

நான் கோழை.

பிப்ரவரி 12, புதன்

காலை எட்டு மணிக்கே அக்கரைக்கு அழைத்துப் போய், இறங்கும் இடத்துக்கு ஓரமாக என்னை நிறுத்திவிட்டார்கள். வழக்கமாம். வழியில் மகிழ்வண்ணனிடம் இரண்டு தடவை ஆரம்பித்தேன். இரண்டு தடவையும் யாரோ ஒருவர் வாக்கி டாக்கியில் கத்தினார்.

எதிர்க்கரையில் சூடம் கொளுத்தினார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஜெனோவா நாயகியின் சடைமுடி விக் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். நான் கையை ஆட்டினேன். மாஸ்டர் பதிலுக்குக் கட்டைவிரலைக் காட்டினார். நிறுத்துங்கள் என்று கத்தினேன். ஜெனரேட்டர் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. ஆட்டோ உறுமியது.

ஆட்டோ வந்து இறங்க வேண்டிய இடத்துக்கு நடுவில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"சார்! ஃப்ரேம்ல இருக்கீங்க!" என்று மைக்கில் மகிழ்வண்ணன். நான் நகரவில்லை. "சார், உடம்புக்கு முடியலையா?" நகரவில்லை. எஞ்சின் நின்றது. ஒருவர் வாக்கி டாக்கியை என் கையில் கொடுத்தார். அது எதிர்க்கரையில் இருக்கும் எல்லா ஸ்பீக்கரிலும் கேட்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்று நம்புகிறேன்.

"கணக்கு தப்பு. நான் போட்டது தப்பு. ஆட்டோ வந்து சேராது, வாய்க்காலுக்குள்ள விழும்."

எதிர்க்கரையில் இருந்த இருநூறு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

மாஸ்டர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். "பொட்டிய எடுக்க சொன்னியேய்யா! முந்நூறு பொட்டி! நானும் எடுத்தேனே!" எட்டு நாளாக இருந்த 'சார்' போய்விட்டது. அண்ணாச்சி, "அப்ப அந்த அக்னி மூலை?" என்றார். அதுவும் பொய் என்றேன். அதற்குத்தான் அவர் அதிகம் வருத்தப்பட்டார்.

ஜெனோவா இறங்கி, பாலத்தின் விளிம்புக்கு வந்து, குனிந்து பாறையைப் பார்த்தார். எட்டு மீட்டருக்கு அப்பாலிருந்து கேட்டார்.

"எவ்ளோ சார் கம்மி?"

"ரெண்டரை மீட்டர்."

"எப்போ தெரியும்?"

மனிதர்களுக்குக் கேள்வி கேட்கத் தெரிகிறது. "ஞாயித்துக்கிழமை" என்றேன்.

அவர் விக்கைக் கழற்றி ஆட்டோ சீட்டில் வைத்துவிட்டு நடந்து போனார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிப்ரவரி 13, வியாழன்

பெட்டியைக் கட்டிவிட்டேன். ஃப்ளெக்ஸைப் பிரிக்கவே இல்லை. நாற்காலியில் என் பெயர் மேல் யாரோ துண்டு காயப் போட்டிருந்தார்கள்.

பத்து மணிக்கு ஜெனோவா வந்து நின்றார். கையில் என் டேப்.

"இன்னா, கெளம்பிட்டீங்களா? நம்பரு யாரு போடறது?"

"சென்னையிலிருந்து வேற ஆளை வரவழைக்கிறாங்கன்னு..."

"வரவழைச்சா? அவரு எதத் தப்பா போடுவாருன்னு யாருக்குத் தெரியும்? உங்க தப்பு இன்னான்னு நமக்குத் தெரிஞ்சுபோச்சு. அதான் நீங்களே போடுங்கன்னு டைரக்டராண்ட சொல்ட்டு வந்தேன்." டேப்பை என் கையில் வைத்துவிட்டு, "ஆனா ரெண்டு நாளு வாய மூடினு இருந்தீங்க பாருங்க, அத நான் மறக்க மாட்டேன்" என்றார். மறக்க வேண்டாம் என்றேன்.

டீக்கடை செட்டைப் பிரித்தார்கள். நானும் கீற்றுச் சுமந்தேன். எண்பது மீட்டருக்குப் போய்க் கோடு போட்டோம். இந்தத் தடவை முதலில் கேமரா முன்னால் ஒரு கல்லைக் கீழே போட்டு எண்ணினேன். 9.8 வந்த பிறகுதான் ஆட்டோவைத் தொட்டேன். பத்து ஓட்டம். மாஸ்டரிடம் ஸ்டாப் வாட்ச்சைத் திருப்பிக் கொடுத்து, அவரையும் தனியாக எடுக்கச் சொன்னேன். அவர் என்னோடு பேசவில்லை, எண்ணை மட்டும் சிகரெட் அட்டையில் எழுதி நீட்டினார். என்னுடையதுக்கும் அவருடையதுக்கும் பெரிய வித்தியாசமில்லை. மணிக்கு ஐம்பது கிலோமீட்டர், இரண்டு மீட்டர் மிச்சம். பெட்டிகளும் வந்துவிட்டன. தெரிந்தால் தெரியட்டும் என்று மகிழ்வண்ணனே சொல்லிவிட்டார்.

பதினோரு படங்களையும் பற்றி யோசித்தேன். பதினொன்றும் பதினெட்டில் எடுத்தவை. யாரும் வேறு கிரகத்தில் குடியிருக்கவில்லை. ஒருவரிடம் போன் போட்டுக் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். கேட்கத் தோன்றவே இல்லை. சேனலில் சொல்ல வேண்டும். டீ-ஷர்ட் வாங்கியவர்களை நினைத்தால்தான் சங்கடமாக இருக்கிறது.

உலகம்மாளிடம் வாஸ்துவையும் சொல்லிவிட்டேன். ஐந்து நிமிடம் சிரித்தாள். ஐந்து நிமிடம் என்பது அளந்ததல்ல.

பிப்ரவரி 14, வெள்ளி

காலை ஒன்பது மணி. அக்கரைக்குப் போவதற்கு முன் ஜெனோவா கூப்பிட்டார். ஆட்டோவில் உட்கார்ந்திருந்தார், விக், நாயகியின் பச்சைத் தாவணி, முழங்கையில் பஞ்சுக் கவசம்.

"சார், சரியா?"

"காற்றின் தடையையும், சாய்வுப் பலகை லேசா அமுங்கறதையும் கணக்கில் எடுத்தா, முப்பது சென்டிமீட்டர் கூடவோ குறையவோ..."

"அதெல்லாம் வேணாம் சார். சரியா, தப்பா?"

ஒன்பது வருடமாக நூற்றுக்கணக்கான வீடியோவில் 'தப்பு' என்று சொல்லியிருக்கிறேன். சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். இது சரி, நீ தாண்டு என்று ஒரு மனுஷியின் முகத்தைப் பார்த்து நான் சொன்னதே இல்லை. எண்களையெல்லாம் மனதுக்குள் மறுபடி ஒருமுறை ஓட்டினேன். அவர் பொறுமையாக இருந்தார்.

"சரி" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு எஞ்சினை முறுக்கினார். நான் சுற்றுப்பாதையில் நடந்து போய் அக்கரையில் என் இடத்தில் நின்றேன். மாஸ்டர் அங்கே முன்பே வந்து நின்றுகொண்டிருந்தார்.

"நானும்தானே நம்பரு எடுத்தேன்" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

மகிழ்வண்ணன் மைக்கில், "சார், பதினெட்டுலதான் எடுக்கறோம், பரவால்லையா? ஆளுங்க உங்களையே கிழிப்பாங்க" என்றார். எடுங்கள் என்று கையைக் காட்டினேன். இப்போது எனக்கு அதுவா முக்கியம்?

ஆட்டோ கிளம்பும் சத்தம். எண்பது மீட்டர் இவ்வளவு நீளமா? சக்கரம் பலகையில் ஏறும் தடதடப்பு. அப்புறம் எஞ்சின் சத்தம் மட்டும் இருந்தது, தரைச் சத்தம் இல்லை. முக்கால் விநாடிதான் அது, நானே போட்ட கணக்கு.

பிறகு தடால் என்று ஒரு சத்தம், இரும்பு குலுங்கும் சத்தம், பிரேக், புழுதி. இருநூறு பேரும் விசிலடித்தார்கள். மாஸ்டர் என் தோளில் ஒரு அடி வைத்தார். அன்பாகத்தான் இருக்க வேண்டும், இன்னும் வலிக்கிறது.

புழுதி அடங்கியபோது ஆட்டோ எங்களைத் தாண்டிப் பத்தடியில் நின்றிருந்தது. ஜெனோவா விக்கைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தார். உதட்டோரம் லேசாகக் கிழிந்திருந்தது, சிரித்தார்.

"பாத்தீங்களா சார்?"

"பார்த்தேன்" என்றேன். "ரொம்ப நல்லா வந்தது. சரியா ரெண்டு மீட்டர் உள்ள..."

"பொய். கண்ண இறுக்க மூடினு இருந்தீங்க."

"யார் சொன்னது?"

"நான் பாத்தேன் சார். மேல போகசொல்ல வேற எதப் பாக்கறது? நீங்க நிக்கிறீங்களான்னுதான் பாத்தேன்."

பறந்துகொண்டிருந்த முக்கால் விநாடியில், அந்தத் தூரத்திலிருந்து, ஒருவர் கண்ணை மூடியிருப்பது தெரியுமா என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பேனாவும் கையில்தான் இருக்கிறது. போடவில்லை.